மியென் தேர்ந்தெடுத்த புத்தகம்

சா டெக் சந்தையில் மீன்காரர்கள் வரிசை முடிகிற இடத்தில் மியெனின் படக்கடை இருக்கிறது. படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து, சிரித்துக்கொண்டு உட்கார்ந்து, மறுபடியும் மூக்கைப் பிடித்துக்கொண்டு போவார்கள். மியென் இருபது வயதில் அரசுக் கூட்டுறவு ஸ்டூடியோவில் ரீடச்சிங் மேசைக்கு வந்தவள். அம்மைத் தழும்பை மறைப்பது, நரைத்த புருவத்துக்குக் கறுப்பு வைப்பது, மூடிப்போன கண்ணைத் திறந்துவிடுவது எல்லாம் ஒரு பென்சிலும் மெல்லிய பிரஷ்ஷும் வைத்தே செய்துவிடுவாள். கூட்டுறவை மூடியபோது அங்கிருந்த பெரிய விளக்குகள் இரண்டை வாங்கிவந்து சொந்தமாகக் கடை போட்டாள். கல்யாணப் படம், அடையாள அட்டைப் படம், அப்புறம் மாடப் படம். செத்த பிறகு வீட்டு மாடத்தில் ஊதுபத்திக்குப் பின்னால் நிற்கப்போகிற படம் என்பதால், அதற்கு வருகிற பெரியவர்கள் மாப்பிள்ளை பெண்ணைவிட அதிகமாக அலங்காரம் செய்துகொண்டு வருவார்கள்.

ஊரில் யாரைக் கேட்டாலும் மியென் கெட்டிக்காரி என்பார்கள். கெட்டிக்காரிதான், யார் இல்லை என்றது? அவளுக்கு அது போதவில்லை என்பதுதான் சங்கதி. மாகாணப் புகைப்படக் கழகம் ஒன்று ஆண்டுதோறும் காவ் லான் நகரத்தில் கண்காட்சி வைக்கும். நான்கு ஆண்டு படம் அனுப்பினாள். நான்கு ஆண்டும் திரும்பி வந்தது. கடைசி முறை படத்தின் பின்பக்கத்தில் யாரோ பென்சிலால் "கடைப் படம்" என்று எழுதியிருந்தார்கள். அந்த இரண்டு வார்த்தையை அவள் கணவன் கோயிடம்கூடச் சொல்லவில்லை. தொண்டையில் முள் மாட்டினால் எச்சிலை விழுங்கிக்கொண்டே திரிவோமே, அப்படி ஆறு மாதம் திரிந்தாள். புத்தகம் பார்த்து முறையாகக் கற்றுக்கொண்டால் ஒழிய இது ஆகாது என்று முடிவு செய்து, இரண்டாயிரமாவது ஆண்டு மே மாதம் சைகோனுக்குப் பஸ் ஏறினாள்.

பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கிற தெருவில் நான்காவது கடையில்தான் ஃபோட்டோ புத்தகம் கிடைத்தது. கடைக்காரி தர்பூசணி விதை கொறித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன மாதிரி வேணும் தங்கச்சி?"

"ஆரம்பப் பாடம் வேண்டாம்க்கா. வெளிச்சம் வைக்கிறது, ஃப்ரேமுக்குள்ள எதை எங்க வைக்கிறது... பெரிய ஆளுங்க படிக்கிற புக்கு."

"பெரிய ஆளுங்க இங்க எங்க வர்றாங்க? சரி, நீ என்ன எடுக்கறே?"

"கடை வச்சிருக்கேன். கல்யாணம், மாடப் படம்."

கடைக்காரி விதைத் தோலைத் துப்பிவிட்டு உள்ளே போய் இரண்டு புத்தகம் எடுத்துவந்தாள். ஒன்று மெலிசு. உள்ளூர் மொழியில் அச்சடித்தது, தாள் பழுத்திருந்தது. இன்னொன்று கறுப்பு அட்டை போட்ட வெளிநாட்டுப் புத்தகம், ஒரு பூசணிக்காய் கனம்.

"இதை எடுத்துக்கோ," என்று மெலிசுப் புத்தகத்தைத் தள்ளினாள். "முப்பது வருஷம் கடை வச்சவரு எழுதினது. மூக்குக் கண்ணாடி போட்டவங்க, வழுக்கைத் தலை, இமை தொங்கறவங்க, காது ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு, எல்லாத்துக்கும் விளக்கை எத்தனை முழத்துல வைக்கணும்னு அளவோட இருக்கு."

மியென் புரட்டிப் பார்த்தாள். முகத்துக்குப் பதிலாகக் கோட்டுப் படத்தில் முட்டை முட்டையாகப் போட்டு, பக்கத்தில் அம்புக்குறி. கூட்டுறவில் முதல் வாரம் சொல்லிக்கொடுத்தது போல இருந்தது. மூடிவிட்டுக் கறுப்புப் புத்தகத்தைத் திறந்தாள். ஒரு கிழ மீனவனின் முகம். ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம். சுருக்கம் ஒவ்வொன்றும் எண்ணிக்கொள்ளும்படி இருந்தது. மறுபக்கம் இருட்டில் கரைந்து, முகம் எங்கே முடிந்து இருட்டு எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அதுவும் நடுவில் இல்லாமல் ஓரமாக, முக்கால் பக்கம் வெறும் கறுப்பாக விட்டு. அவளுக்கு நாக்கு உலர்ந்துவிட்டது.

"அது இங்கிலீஷு. படிப்பியா?"

"படம் இருக்கேக்கா."

"படம் பார்க்கத்தான்னா எங்கிட்ட சினிமாப் பத்திரிகை கெடக்கு. தூக்கிட்டுப் போக லேசா இருக்கும்."

பக்கத்தில் நின்ற இரண்டு மாணவர்கள் சிரித்தார்கள். மியெனுக்குக் காது சூடாகிவிட்டது. கடைப் படம், கடைப் படம் என்று உள்ளுக்குள் ஒரு குரல். இவளும் அதையேதான் சொல்கிறாள் என்று தோன்றியது. கையில் ஒரு புத்தகத்துக்குத்தான் காசு. அவள் கறுப்புப் புத்தகத்தை வாங்கினாள்.

அடுத்த மூன்று மாதம் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அந்தப் புத்தகம்தான். ஒரு விளக்கை அணைத்துவிட்டு மற்றதை ஓரமாகத் தள்ளி, முதலில் ஒரு பம்பளிமாசுப் பழத்தை எடுத்தாள். அப்புறம் தேநீர்க் கெண்டி. அப்புறம் கோய். படகு இன்ஜின் பழுதுபார்க்கிறவன், உட்காரச் சொன்னால் உட்கார மாட்டான். படத்தை அவனிடம் காட்டியபோது திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பாதி மூஞ்சிதான் இருக்கு. மீதிக்குத் தனியா காசு வாங்குவியா?"

"உங்க மூஞ்சிக்குப் பாதியே அதிகம். போங்க."

உண்மையைச் சொல்ல வேண்டும், அவள் நன்றாகவே கற்றுக்கொண்டாள். ஒரு எழுத்துப் படிக்காமல், படத்தில் நிழல் விழுகிற கோணத்தை வைத்தே விளக்கு எங்கே நின்றிருக்கும் என்று கண்டுபிடித்துவிடுவாள். எழுத்தை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. படத்துக்குக் கீழே போடுகிற பொடி எழுத்தில் அப்படி என்ன இருந்துவிடப் போகிறது என்பது அவள் எண்ணம்.

அந்த ஆண்டுதான் பெரிய வெள்ளம். தண்ணீர் வடிந்து முடிய வாரக்கணக்கு ஆயிற்று. தான் குய் டோங் என்கிற கிராமத்தில் தொட்டிகளில் பூ வளர்க்கிறவர்கள் எல்லாம் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஏழாம் மாமா. ஹியென் என்று பெயர். ஏழாவதாகப் பிறந்தவர் என்பதால் வாய்க்கால்கரை முழுக்க அவர் ஏழாம் மாமாதான். மியெனின் அப்பாவோடு ஒரே படகில் நெல் ஏற்றியவர். அந்தக் காலத்தில் கயிறு அறுந்து முகத்தில் அடித்து, இடக்கண்ணின் இமை பாதி தொங்கிவிட்டது. கண் நன்றாகத் தெரியும், இமைதான் தூக்காது. வெள்ளம் அவர் வீட்டில் ஒரு படம்கூட விடவில்லை. ஆல்பம், கல்யாணப் படம், மாட அலமாரியில் இருந்த அடையாள அட்டை, எல்லாம் ஊறிக் கூழாகிவிட்டன.

டிசம்பரில் ஒரு நாள் காலை, நீல நிற நீள அங்கியும் தலையில் சுற்றுத் தொப்பியுமாக அவர் கடைக்கு வந்தார். கையில் மியெனுக்கு ஒரு செவ்வந்தித் தொட்டி. மனைவி ஏழாம் அத்தை சந்தையில் நூல் வாங்கப் போயிருந்தாள்.

"எடுடி பொண்ணு. நேரா, நடுவுல, ரெண்டு காதும் தெரியணும். நான் போனப்புறம் பசங்க பத்தி ஏத்திட்டு அது குடு இது குடுன்னு கேப்பானுங்க. ஒரு காதுல வாங்கி மறு காதுல விட ரெண்டும் வேணும்ல."

மியென் சிரித்தாள். "சரி மாமா."

"அப்புறம் இந்தக் கண்ணு. இருக்கிற மாதிரியே இருக்கட்டும். உன் பென்சில் வேலையெல்லாம் எங்கிட்ட வச்சுக்காதே."

"சரி மாமா" என்று அதற்கும் சொன்னாள்.

இரண்டு விளக்கும் நேராகத்தான் நின்றன. கேமராவில் பன்னிரண்டு படத்துக்கான ஃபிலிம். குனிந்து பார்த்தபோது அவளுக்கு அந்தக் கிழ மீனவன் தெரிந்தான். அதே நெற்றி, அதே வரிவரியான கன்னம். முதல் இரண்டு மட்டும் எனக்கு, மீதி மாமாவுக்கு என்று மனசுக்குள் பேரம் பேசிக்கொண்டு அவருக்கு இடப்பக்கம் நின்ற விளக்கை அணைத்தாள்.

"மாமா, முகத்தைக் கொஞ்சம் திருப்புங்க."

"நேரா எடுன்னா திருப்பச் சொல்றே?"

"விளக்கு சரி பார்க்கிறேன் மாமா."

தொங்கிய இமை இருட்டுக்குள் போனது. வலப்பக்கக் கன்னத்தில் வெளிச்சம் வழிந்து தாடையில் நின்றது. கிளிக் செய்தாள், நகர்த்தினாள், வெள்ளை அட்டையைப் பிடித்தாள், எடுத்தாள், ஓரமாக வைத்தாள், இன்னும் ஓரமாக வைத்தாள். எண் காட்டுகிற சின்ன ஜன்னலைப் பார்த்தபோது பன்னிரண்டு முடிந்திருந்தது.

இந்த இடத்தில்தான் மியென் பிறகு எத்தனையோ நாள் திரும்பத் திரும்ப வந்து நின்றாள். அலமாரியில் இன்னொரு ஃபிலிம் இருந்தது. மாற்ற இரண்டு நிமிடம்கூட ஆகாது. மாமாவுக்கும் ஒன்றும் அவசரமில்லை, தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. ஆனால் அவளுக்குக் கை பரபரத்தது. உள்ளே போய்க் கழுவிப் பார்க்க வேண்டும், வந்திருக்கிறதா என்று இப்போதே தெரிய வேண்டும்.

"ஆச்சா?" என்றார் மாமா.

"ஆச்சு மாமா. படம் தெத்துப் புத்தாண்டுக்கு முன்னாடி தர்றேன்."

அடுத்த வாரம் ஏதாவது சாக்குச் சொல்லிக் கூப்பிட்டு நேராக ஒன்று எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். அன்று மதியமே கழுவினாள். ஏழாவது படம் அவள் வாழ்நாளில் எடுத்ததிலேயே நல்ல படம். பெரிதாக அச்சுப் போட்டு, அதே வாரம் காவ் லானுக்கு அனுப்பிவைத்தாள். அதற்குள் புத்தாண்டு நெருங்கிவிட்டது, கல்யாண வேலைகள் குவிந்துவிட்டன. மாமாவைக் கூப்பிட வேண்டும் என்று தினமும் நினைத்தாள், தினமும் நாளைக்கு என்றாள்.

படம் எடுத்த பத்தொன்பதாம் நாள், பூந்தொட்டிகள் அடுக்கிய தட்டுகளுக்கு நடுவே படகில் நின்று செடிகளுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஏழாம் மாமா அப்படியே சாய்ந்துவிட்டார். கரைக்குக் கொண்டுவருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

மறுநாள் காலை தலையில் துக்கத்துக்கான வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு அவர் மகள் லுவா ஓடிவந்தாள். "அக்கா, அப்பா படம் குடுங்க. பெட்டிக்கு முன்னாடி வைக்கணும். அம்மா கேட்டுக்கிட்டே இருக்கு. வீட்ல அவரு மூஞ்சி ஒண்ணுகூட இல்லக்கா."

மியெனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "இன்னும் அச்சு போடல. சாயங்காலம் வா" என்று மட்டும் சொன்னாள். லுவா போனதும் கதவைச் சாத்திக்கொண்டு பன்னிரண்டு நெகட்டிவையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பன்னிரண்டிலும் பாதி முகம்தான். ஓரத்தில் இருக்கிற, ஒரு காது இல்லாத, ஒரு கண் இல்லாத முகம். அதைக் கொண்டுபோய் மாடத்தில் வைத்தால் ஊர் காறித் துப்பும். அதைவிட, அந்த அத்தையின் முகத்தில் விழிக்க முடியாது.

கொஞ்சமாவது நேராகப் பார்த்த நெகட்டிவை எடுத்தாள். வெளிச்சம் விழுந்த வலப்பாதியை அச்சுப் போட்டாள். நெகட்டிவைப் புரட்டி வைத்து அதே பாதியை இன்னொரு தாளில் போட்டாள். இரண்டையும் மூக்குத் தண்டோடு வெட்டிச் சேர்த்து ஒட்டினாள். இப்போது முழு முகம், நடுவில், இரண்டு காது, இரண்டும் திறந்த கண். அங்கியின் பொத்தான் வரிசை இரண்டு தோளிலும் வந்திருந்தது, ஒன்றை பிரஷ்ஷால் அழித்தாள். இமையைத் தொங்கவிட்டு வரைந்துவிடலாமா என்று பென்சிலை எடுத்தாள். எவ்வளவு தொங்கும்? பாதியா, முக்காலா? பிறந்ததிலிருந்து பார்த்த முகம், எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. பென்சிலை வைத்துவிட்டாள். ஒட்டியதை மறுபடி படம் எடுத்து, பெரிதாக அச்சுப் போட்டு, சட்டம் மாட்டினாள்.

"அப்பா எவ்வளவு லட்சணமா இருக்காரு!" என்று லுவா அதைப் பார்த்ததும் அழுதாள். "கண்ணைக்கூடச் சரி பண்ணிட்டீங்க. பார்த்திருந்தா மனசு குளிர்ந்திருப்பாரு."

இறுதிச் சடங்கில் ஏழாம் அத்தை அந்தப் படத்தை வாங்கி, கண்ணாடியைத் தன் கையால் துடைத்து, வெகுநேரம் பார்த்தாள். "துணி நல்லா வந்திருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

புத்தாண்டு முடிந்து பத்து நாளில் காவ் லானிலிருந்து கடிதம் வந்தது. அவள் படத்துக்கு இரண்டாம் பரிசு. ஒரு மாதம் பண்பாட்டு மன்றத்தில் மாட்டியிருப்பார்கள். ஐந்து ஆண்டு ஏங்கிய கடிதம். படித்ததும் மியெனுக்கு லுவாதான் நினைவுக்கு வந்தாள். லுவாவைக் கட்டிக்கொடுத்தது காவ் லானில்தான். முதல் பஸ்ஸில் போய், குடும்பத்தில் துக்கம், படத்தை மாட்ட வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று மன்றத்துக் குமாஸ்தாவிடம் கேட்டாள்.

"உங்களுக்கென்ன பைத்தியமா? இந்த மாகாணத்துல எவனும் இப்படி வெளிச்சம் வச்சதில்ல."

கேட்க இனிமையாகத்தான் இருந்தது. அந்த இனிமையை நினைத்து அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. படத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஊர் திரும்பினாள். வந்ததும் கரியடுப்பைப் பற்றவைத்து, அந்தப் படத்தையும் பன்னிரண்டு நெகட்டிவையும் போட்டு எரித்தாள். யாராவது எப்போதாவது பார்த்துவிட்டால்?

"என்னடி நாத்தம்?" என்று கோய் வாசலிலிருந்து கத்தினான்.

"பழைய ஃபிலிமு."

கறுப்புப் புத்தகத்தையும் போட்டிருப்பாள். கனமாக இருந்ததால் ஆடுகிற விளக்குத் தாங்கியின் காலில் முட்டுக்கொடுத்து வைத்தாள். ஏப்ரலில் பாஸ்போர்ட் படத்துக்கு வந்த வின் வாத்தியார் அதைப் பார்த்துவிட்டார். பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவர், எழுத்தைக் கண்டால் விடமாட்டார்.

"புத்தகத்தை யாராவது தரையில போடுவாங்களா?" என்று எடுத்துத் தூசி தட்டிப் புரட்டினார். அது தானாகவே அந்த மீனவன் பக்கத்தில் திறந்துகொண்டது. அவ்வளவு தடவை திறந்த பக்கம். வாத்தியார் கீழே இருந்த பொடி எழுத்தை முணுமுணுத்தார்.

"என்ன சார் எழுதியிருக்கு?"

"இந்தப் பெரியவரு பேரனுக்குக் குடுக்க ஒரு படம் வேணும்னு வந்தாராம். படம் எடுத்தவரு, பெரியவரு கேட்ட மாதிரி நேரா எடுத்துக் குடுத்துட்டு, அவரு உக்காந்து டீ குடிச்சு முடிச்சப்புறம்தான் இதை எடுத்தாராம். 'வந்தவர் கேட்ட படத்தை எடுக்குமுன் உங்கள் படத்தை எடுக்காதீர்கள்'னு போட்டிருக்கு. நல்லா சொல்லியிருக்கான், என்ன?"

"நல்லா சொல்லியிருக்கான் சார்" என்றாள் மியென். அதுவரை இரவும் பகலும் அந்தப் புத்தகத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து திட்டுவதற்கு அவளைத் தவிர வேறு யாரும் மிச்சமில்லை.

வருஷத் திவசத்துக்கு அவளை அழைத்தார்கள். போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். போனாள். முட்டை போட்ட பன்றிக்கறிக் குழம்பையும் பாகற்காய் சூப்பையும் ஏழாம் அத்தையே அவள் கிண்ணத்தில் எடுத்து வைத்தாள். விருந்தாளிகள் மாடத்தைப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரிதான் எனக்கும் வேணும், பத்து வயசு குறைச்சு" என்று மியெனிடம் சொல்லிவைத்தார்கள். மியென் மூன்று முறை விழுந்து கும்பிட்டாள். ஊதுபத்திச் சட்டிக்கு மேல் அவள் பார்வை ஏறவில்லை. அடுத்த ஆண்டும் அப்படித்தான், அதற்கடுத்த ஆண்டும் அப்படித்தான். கறி தொண்டையில் இறங்காது, ஆனாலும் கிண்ணத்தைக் காலி செய்துவிடுவாள்.

மூன்றாம் திவசம் கழிந்த மாதம் லுவா அம்மாவைக் கடைக்கு அழைத்துவந்தாள். "அம்மாவுக்கும் ஒரு மாடப் படம் எடுத்துடுங்கக்கா. வேண்டாம் வேண்டாம்னு அடம் பிடிக்குது. நான் சந்தையில மீன் வாங்கிட்டு வந்துடறேன்." மெரூன் வெல்வெட் அங்கியில் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போனாள்.

மியென் இரண்டு விளக்கையும் போட்டாள். நேராக, நடுவில், இரண்டு காதும் தெரிய. ஏழாம் அத்தை இரு பக்கமும் பார்த்தாள்.

"ரெண்டு விளக்கு வச்சிருக்கே."

"ஆமா அத்தை. முகம் முழுசா தெரியும்."

"அவருக்கு ஏன் வைக்கல?"

மியென் கேமராவிலிருந்து நிமிர்ந்தாள்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" அத்தையின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அவரு எடப்பக்கம்தான் நான் நாப்பத்தி மூணு வருஷம் படுத்தேன். அந்தப் பக்கம் கன்னத்து எலும்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும். காது மடல் ஒட்டியிருக்கும். நீ குடுத்தது வலப்பக்கம். ரெண்டு தடவை."

"அத்தை..."

"பதினெட்டு வயசுல நான் இதே சந்தையில கீரை வித்தேன். ஒருத்தன் தெனம் எதிர்ல வந்து நின்னு கண்ணடிக்கிறான். மூணாம் நாளு கூடையைத் தூக்கி மண்டையில போட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, இமையே அப்படித்தான்னு. பாவம் பார்த்துக் கட்டிக்கிட்டேன்னு ஊருல சொல்லிக்கிட்டேன். பாவமாவது ஒண்ணாவது, அந்தக் கண்ணு இல்லாம எனக்கு ஒரு நாள் விடிஞ்சதில்ல." அங்கியின் விளிம்பை விரலால் நீவினாள். "இப்போ காலையில பத்தி ஏத்தறப்போ கண்ணை மூடிக்கிறேன். மூடினா அவரு வர்றாரு. தொறந்தா எவனோ ஒரு ஆளு என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறான்."

மியென் அழுதாள். அழுகிற உரிமைகூடத் தனக்கு இல்லை என்று தெரிந்தும் அழுதாள். "ஏன் அத்தை அன்னைக்கே கேக்கல?"

"உனக்குச் சோறு போடறது இந்தக் கடை. லுவா வேற பூரிச்சுப்போய் நிக்கிறா. சரி, நாலு நாள் போகட்டும், நீயே வந்து சொல்லுவேன்னு இருந்தேன். நீயும் வந்தே. மூணு திவசம் வந்தே, சாப்பிட்டே, போனே."

சந்தையில் யாரோ ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டது. அத்தை முன்னால் சாய்ந்தாள்.

"அசலு இருக்குமில்ல? இருட்டா இருந்தாலும் இருக்கட்டும். பாதின்னாலும் அது அவருதானே. அதைக் குடு, நான் உன்னை ஒண்ணும் கேக்கல."

மியென் வாயைத் திறந்தாள்.

"எரிச்சுட்டேன் அத்தை. எல்லாத்தையும்."

ஏழாம் அத்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

"எனக்குப் படம் வேண்டாம். நான் போனதும் கொண்டுபோய் அந்த ஆளு பக்கத்துல வைப்பாங்க. தெரியாத ஆம்பளை பக்கத்துல நான் ஏன் உக்காரணும்?"

மீன் பையோடு லுவா உள்ளே வந்தாள். "என்னம்மா, அதுக்குள்ள எழுந்துட்டே?"

"எடுத்தாச்சு. வா, மீன் கெட்டுடும்" என்று அத்தை வெளியே நடந்தாள்.

"வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கறேன்க்கா" என்று சொல்லிவிட்டு லுவாவும் போனாள். மூன்று நாள் மியென் யோசித்தாள். படக்கடைக்காரர்களிடம் எப்போதும் கைவசம் இருக்கிற பொய் ஒன்று உண்டு: ஃபிலிமில் வெளிச்சம் பட்டுவிட்டது. அதைச் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். லுவா மறுபடி அம்மாவை இழுத்துவருவாள், அத்தை மறுபடி வேறு ஏதாவது சொல்லித் தன்னைக் காப்பாற்றுவாள். அந்தக் கடைசி நினைப்புதான் அவளை உலுக்கியது. அந்தக் கிழவி இன்னும் எத்தனை தடவை தனக்காகப் பொய் சொல்வாள்?

வெள்ளிக்கிழமை காலை கடையில் கூட்டம். பள்ளி அட்டைக்குப் படம் எடுக்க ஏழெட்டுப் பேர், கல்யாண ஆல்பம் வாங்க வந்த ஒரு குடும்பம், ஓரமாக, சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டுப் போக வந்த கோய். லுவா சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தாள்.

"அக்கா, அம்மா படம் எப்படி வந்திருக்கு?"

மியென் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து இந்தப் பக்கம் வந்தாள். ஃபிலிம் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு லுவாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னாள்.

"அம்மா படம் இல்ல லுவா. அம்மா உக்காரல. அப்பா படமும் இல்ல. மூணு வருஷமா நீங்க வீட்ல வச்சுக் கும்பிடறது உங்கப்பா இல்லம்மா. அது நான் பண்ணினது."